வடிவு முடித்துக் கொடுத்த தளம்

பொன்ராஜ் போன் செய்தபோது நான் மாதுங்கா மார்க்கெட்டில் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "மாமி, வடிவு போயிட்டா" என்றார்.  அவர் பக்கத்தில் யாரோ ஹிந்தியில் ஆம்புலன்ஸைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரன் "லேனா ஹை க்யா?", வாங்கப் போகிறாயா இல்லையா, என்று அதட்டியதும் காசைக் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எந்த வழியாக வந்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

சண்முகவடிவு என்பது முழுப் பெயர். எங்கள் ஆபீஸில் அதற்கு வாய் வளையாமல் 'ஷான்' என்று ஆக்கிவிட்டார்கள். தாராவியில் பிறந்து தாராவியிலேயே வாழ்க்கைப்பட்டவள். திருநெல்வேலிப் பேச்சை எந்த மீட்டிங்குக்காகவும் அவள் மாற்றிக்கொண்டது கிடையாது. நான் மாதுங்கா. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஆனாலும் முதல் நாளே என்னை மாமி ஆக்கிவிட்டாள். "நீங்க பேசுத பேச்சுக்கு வேற என்னன்னு கூப்பிட?" என்பாள். அவள் வீட்டுக்காரர் பொன்ராஜ், மகள், போகப்போக ஆபீஸிலிருந்த மராட்டிப் பெண்கள்வரை எல்லோருக்கும் நான் மாமி. காலையில் நான் மாதுங்காவில் ரயில் ஏறுவேன், அவள் சயானில் ஏறுவாள். விக்ரோலிவரை லேடீஸ் டப்பாவில் எங்களோடு நசுங்கிக்கொண்டு வந்தவர்கள் சிலர் இந்தத் தமிழ்ச் சங்க மலரைப் படிப்பீர்கள். அவளுடைய வாய் உங்களுக்குத் தெரியும். அவள் வேலை தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.

பெரிய கம்பெனிகளுக்கு இணையதளம் கட்டிக் கொடுப்பது எங்கள் தொழில். நாங்கள் கடைசியாகச் சேர்ந்து செய்தது ஒரு பெயிண்ட் கம்பெனிக்கு. பல நாட்டில் வியாபாரம், நாட்டுக்கு ஒரு தளம். எதைத் திறந்தாலும் அதே கம்பெனிதான் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும்: அதே நீலம், அதே எழுத்து, சின்னத்தைச் சுற்றி அதே அளவு வெற்றிடம். இதற்கென்றே இருக்கும் பெரிய மென்பொருள் ஒன்றில் நாங்கள் காலிப் பெட்டிகளைச் செய்து வைப்போம். தலைப்புக்கு ஒரு பெட்டி, படத்துக்கு ஒன்று, கடை முகவரிக்கு ஒன்று. கம்பெனி ஆட்கள் அதில் வேண்டியதை இழுத்துப் போட்டு, எழுத்தும் படமும் சேர்த்தால் பக்கம் தயார். அவர்கள் எவ்வளவு தாறுமாறாகப் போட்டாலும் கம்பெனியின் களை கெடக்கூடாது. பெட்டி செய்தவள் வடிவு. நான் கோஆர்டினேட்டர், அதாவது இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவள்.

இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒரு தந்திரம் உண்டு. ஏதாவது ஒரு சின்ன விஷயத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்வார்கள். மெனுவில் ஒரு பெயரை மாற்றுவதற்குக்கூட கம்பெனிக்காரன் போன் செய்தாக வேண்டும். போன் வந்தால் வேலை இருக்கும், வேலை இருந்தால் ஆள் இருக்கும். வடிவுக்கு அது அறவே பிடிக்காது. "தளத்தக் கொடுத்த பொறவு அவன் நம்மளத் தேடி வந்தான்னா நாம சரியாச் செய்யலன்னு அர்த்தம் மாமி" என்பாள். வேறொரு கம்பெனியின் தளத்தில் படங்களை நகர்த்தும் பெட்டி அங்குள்ள குமாஸ்தாவுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், யாரும் கேட்காமலே அதைக் கலைத்து முதலிலிருந்து செய்தாள். குமாஸ்தாவுக்குப் புத்தி போதவில்லை என்று நான் சொன்னேன். "அவனுக்குப் புரியாத மாதிரி செஞ்சது யாரு?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. பெட்டி செய்து பார்க்கும்போது உள்ளே ஏதாவது எழுத்து இருக்க வேண்டும். மற்றவர்கள் அர்த்தமில்லாத லத்தீன் வரிகளைப் போடுவார்கள். ஆங்கிலத்தில் போட்டால் வந்தது வினை, கம்பெனிக்காரர்கள் பெட்டியை விட்டுவிட்டு வாக்கியத்தைத் திருத்த உட்கார்ந்துவிடுவார்கள். வடிவு தமிழில் போடுவாள். "நம்ம எழுத்துக்குக் கொம்பு, சுழி, கால் எல்லாம் உண்டும்லா. இது உள்ள அடங்கிச்சுன்னா எந்த ஊரு எழுத்தும் அடங்கும்" என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தாள். அன்றைக்கு மனதில் என்ன ஓடுகிறதோ அதைத் தட்டிவிடுவாள். மகள் பல் டாக்டரிடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது, சயான் பாலத்தில் தண்ணீர் தேங்கியது, மானேஜரின் புதுச் சட்டை. அந்த மாடியில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பக்கம் பக்கமாகச் சரிபார்க்கிற சாக்கில் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பெயிண்ட் வேலை பாதி நடக்கும்போது ஒரு சாயங்காலம் என்னோடு மாதுங்காவில் இறங்கி, கிங்ஸ் சர்க்கிளில் காபி குடிக்கலாம் என்றாள். வழக்கமாக அவள் அங்கே இறங்குகிறவள் இல்லை. காபி வந்ததும் நேராகச் சொல்லிவிட்டாள், மார்பில் கட்டி, பரிசோதித்துப் பார்த்தாகிவிட்டது, புற்றுநோய்தான். நான் அழ ஆரம்பித்தேன். "சவத்த விடுங்க மாமி, காபி ஆறுது" என்றாள். பிறகுதான் உண்மையான கவலையைச் சொன்னாள். ஏஜென்சி மூலம் காண்ட்ராக்டில் இருப்பவள் அவள். காண்ட்ராக்ட் இருக்கும்வரைதான் மருத்துவ இன்சூரன்ஸ் கார்டு. பெயிண்ட் கம்பெனி தளம் வெளியானால் காண்ட்ராக்ட் முடியும். கீமோ முடிந்தும் மூன்று வாரத்துக்கு ஒரு விலை உயர்ந்த ஊசி நெடுநாள் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "ஊசி முடியுததுக்கு முன்னால சோலி முடிஞ்சிரும். அதான் கணக்கு ஒதைக்கு" என்றாள்.

எனக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. "மெதுவாப் பண்ணேன்டி. யார் கேக்கப் போறா? தேதி தள்ளிப் போகாத புராஜெக்ட் எங்கேயாவது உண்டா?" என்றேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் மானேஜரிடம் போய் அவளை நிரந்தர வேலையில் எடுத்துக்கொள்ளச் சொல்லி மன்றாடினேன். நல்ல மனிதர்தான், தளம் வெளியாகட்டும், பார்க்கலாம் என்றார். வடிவோ தலையில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கீமோவுக்கு அடுத்த நாளும் வீட்டிலிருந்து லாகின் செய்து, ஒரு பெட்டிகூடப் பிந்தாமல் முடித்துக்கொண்டே போனாள். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொள்வாள். நான் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, இவளை என்ன செய்வது என்று பொருமிக்கொண்டு வருவேன்.

வெளியீட்டுக்கு முந்தைய வாரம் பெயிண்ட் கம்பெனியின் நயனா மேடம் என்னை வீடியோவில் கூப்பிட்டார். ஓமான் தளத்தில் அவர்கள் முதலாளியின் படம். அதன் கீழே, அவருடைய செய்தி இருக்க வேண்டிய பெட்டியில், புரியாத எழுத்து. "லலிதா, யே க்யா லிக்கா ஹை?", இதில் என்ன எழுதியிருக்கிறது, என்று கேட்டார். 'இன்னைக்கும் சாளை கெடைக்கல. நெத்திலிய வச்சு ஒப்பேத்தணும்' என்று எழுதியிருந்தது. வேறு வழியில்லாமல் அந்த மீன் விவகாரத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன்.  நயனா மேடம் உடனே வெளியீட்டை நிறுத்தச் சொன்னார். எல்லா நாட்டுப் பக்கங்களையும் மறுபடி சரிபார்த்துத்தான் விட வேண்டும், ஒரு மாதத்துக்கு மேல் ஆனாலும் பரவாயில்லை என்றார். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். அடி கெட்டிக்காரி, கடைசியில் வழிக்கு வந்தாயே என்று நினைத்துக்கொண்டேன்.

எழுந்து அவள் இடத்துக்கு ஓடினேன். "பலே ஆளுடி நீ" என்று காதோரம் சொன்னேன். அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. "நான் வேணும்னு விட்டேன்னா நினைக்கீய?" என்றாள். வெளியிடுவதற்கு முன்னால் தமிழ் எல்லாவற்றையும் அவளே துடைத்துவிடுவாள், இத்தனை வருடத்தில் ஒரு வரி மிஞ்சியதில்லை. இந்தப் பக்கத்தைத் துடைத்ததாகத்தான் அவளுக்கு ஞாபகம். கீமோ சிலருக்கு மறதியைக் கொடுக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாராம், அவள் என்னிடம் சொல்லவில்லை. அடுப்பை அணைத்தோமா, மகளுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டினோமா என்று வீட்டில் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆபீஸில் மட்டும் தப்பித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தாள்.

நயனா மேடம் கொடுத்தது ஒரு மாதத்துக்கு மேல். வடிவு அந்த வாரமே எல்லாப் பக்கத்தையும் சரிபார்த்து முடித்துவிட்டாள், என்னையும் கூட வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் இரண்டு முறை. மறுநாள் ரயிலில் நான் கத்தினேன். லேடீஸ் டப்பா முழுக்கத் திரும்பிப் பார்த்தது, உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். "தெய்வமாப் பாத்துக் கொடுத்த அவகாசத்தை எட்டி உதைச்சியே, உனக்குப் பொண்ணு இருக்காளா இல்லையா?" என்று கேட்டேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "ஒடம்பு கெட்டுப் போச்சு மாமி. சோலியும் கெட்டுப் போனா எங்கிட்ட என்ன இருக்கு?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குர்லா வந்தது, கூட்டம் ஏறியது. 

தளம் வெளியானது. பெயிண்ட் கம்பெனி ஆட்களுக்கு அவளே ஒரு நாள் வகுப்பு எடுத்தாள். அன்று அவர்களில் ஒரு பையன், அதுவரை தளமே இல்லாத ஒரு நாட்டுக்கு, தானாகவே முகப்புப் பக்கத்தைப் பெட்டி பெட்டியாக இழுத்துப் போட்டுச் செய்துவிட்டான். டீ வருவதற்குள் முடித்துவிட்டான். நீலம் சரி, எழுத்து சரி, எதுவும் பிசகவில்லை. அறையில் எல்லோரும் கைதட்டினார்கள், வடிவும் தட்டினாள். மானேஜர் என் பக்கம் பார்க்காமல் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி எந்த நாட்டைச் சேர்ப்பதற்கும் எங்கள் ஆள் வேண்டாம் என்பது அவருக்கும் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் கேக் வெட்டி அவளை அனுப்பிவைத்தார்கள். இன்சூரன்ஸ் கார்டும் அன்றோடு சரி.

பிறகு வேலை தேடினாள். வீடியோவில்தான் நேர்காணல், கேமராவைப் போடச் சொல்வார்கள். தலையில் கட்டிய துணியைப் பார்ப்பார்கள், நன்றாகப் பேசுவார்கள், அதோடு காணாமல் போவார்கள். "கேள்விக்கு எல்லாம் பக்காவா பதில் சொன்னேன் மாமி" என்று ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் செய்வாள். பொன்ராஜ் தோல் பை தைக்கும் பட்டறையை மூடிவிட்டு தர்ம ஆஸ்பத்திரி வரிசைகளில் நின்றார். ஊசி தள்ளித் தள்ளிப் போனது, நடுவில் சில மாதம் போடவே இல்லை. நோய் எலும்புக்குப் போயிற்று. ஊசியை ஒழுங்காகப் போட்டிருந்தாலும் திரும்பியிருக்கலாம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். இருக்கலாம். அவர் படித்தவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்கு மனசு ஆறவில்லை.

கடைசியாக நான் தாராவிக்குப் போனபோது, வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனேன். பெயிண்ட் தளம் படுத்துவிட்டது, யாராலும் நிமிர்த்த முடியவில்லை, ஷான் எங்கே, ஷான் எங்கே என்று எல்லோரும் உன்னைத்தான் தேடுகிறார்கள். இப்படிச் சொன்னால் கொஞ்சம் தெம்பு வரும், எழுந்து உட்காருவாள் என்று நினைத்தேன். மாடிக்கு ஏணிப்படி ஏறினேன். பொன்ராஜ் அவளுக்குத் தலையணையை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் கீழே போனார். உடம்பு பாதியாகியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே கேட்டாள்.

"தளம் எப்படி ஓடுது மாமி?"

"ஓடறது."

"போன் கீன் வந்துதா? எதுவும் புரியலன்னு கேட்டாவளா?"

தயார் செய்து வந்த பொய்யை விட்டுவிட்டேன். "இல்லைடி. அதுக்கப்புறம் எத்தனையோ நாடு சேர்த்துட்டா. ஒருத்தரும் கூப்பிடலை" என்றேன்.

என் கையைப் பிடித்து அழுத்தினாள். வலி மாத்திரைக்கு நடுவிலும் அவள் முகம் தெளிந்துவிட்டது. மகளுக்கு நல்ல மார்க் வந்த செய்தியைச் சொல்லும்போது பார்த்த அதே முகம். "அப்ப சரி" என்றாள். நான் அவளோடு சேர்ந்து சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. அவள் வீட்டில் அவளை விட்டுவிட்டு 90 அடி ரோட்டில் நின்று, வருகிறவர்கள் போகிறவர்கள் பார்க்க அழுதேன்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த முகம்தான். எங்கே போனாலும் கூடவே வருகிறது. இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருக்க ஒரு வழி காட்டினேன், அதைவிட இந்தச் சந்தோஷம் பெரிதாகப் போயிற்று அவளுக்கு. வடிவு, நீ செய்தது சரியாகவே இருக்கட்டும். எனக்கு நீ வேண்டியிருந்தது.