எட்டாவது குறை

கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்களை உருப்படாதவர்கள் என்று யாராவது என் முன்னால் சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போய்விடுவேன். கல்யாண வீட்டுப் பந்தி என்றும் பார்க்க மாட்டேன். பன்னிரண்டு வயதில் ஒரு கேமுக்காக அப்பாவையே எதிர்த்து நின்று ஜெயித்தவள் நான். ஜெயித்ததாகப் பத்துப் பதினொரு வருடம் நம்பிக்கொண்டிருந்தவள் என்று சொல்வதுதான் சரி.

அப்போது நாங்கள் ஹைதராபாத்தில், மெட்டுகுடாவில் ஒரு சந்துக்குள் மாடி வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறையில் தரப் பரிசோதகர் வேலை. சனத்நகர் பட்டறைகளில் செய்து தரும் உதிரிப் பாகங்களை அளந்து பார்த்து, தேறியது, தேறாதது என்று சீட்டு ஒட்டுவார். வேலையை ஆபீஸோடு விட்டுவிட்டு வரும் பழக்கம் அவருக்குக் கிடையாது. குக்கருக்குப் புதிதாக வாங்கிய கேஸ்கெட்டை ஸ்கேல் வைத்து அளப்பார். வண்டியில் விற்க வரும் வெண்டைக்காயைக் காய்காரர் எதிரிலேயே இரண்டு குவியலாகப் பிரிப்பார். நான் நாலடி தள்ளி நின்று, யாரோ எவரோ போல வேடிக்கை பார்ப்பேன்.

கேமை எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தது மாமா, அதாவது அம்மாவின் தம்பி. கொண்டாப்பூரில் அறை எடுத்துக்கொண்டு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தார். கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு சாப்பிட வந்தவர், சாப்பிட்ட நன்றிக்காக அதைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பழுதான ஒரு சரக்கு விண்கப்பலுக்கு நாம்தான் கேப்டன். கிரகம் கிரகமாகப் போக வேண்டும். யாருடன் சேர்வது, யாரிடம் என்ன பேசுவது என்று நாம் தேர்ந்தெடுப்பதற்கு ஏற்றபடி கதை திரும்பும். நான் யாரிடமும் பேசுவதில்லை. பார்த்ததும் சுடுவேன்.

அரையாண்டுத் தேர்வில் கணக்கு காலை வாரியது. மார்க் ஷீட்டைப் பார்த்த அப்பா, அந்தச் சனியனை அழித்துவிடப் போகிறேன் என்று கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"கைக்கு?" என்று கத்தினேன். 'எதுக்கு' என்பதற்கு ஹைதராபாத் தெரு உருது அது. அப்பா முன்னால் அந்தப் பேச்சு வரக் கூடாது. வந்துவிட்டது. வந்ததே வந்தது என்று மேலே போனேன். "பாக்காமலே ரிஜெக்ட் பண்ணுவீங்களா? ஆபீஸ்லயும் இப்படித்தானா?"

அப்பாவை வேறு என்ன சொல்லியிருந்தாலும் ஒரு அறையோடு போயிருக்கும். இது சுருக்கென்று தைத்துவிட்டது. நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார்.

"சரி. ரிப்போர்ட் எழுதிக் குடு. நிறை ஒரு பக்கம், குறை ஒரு பக்கம். நிறையை விடக் குறை ஒண்ணு கூடுனாலும் அழிச்சிருவேன். குறையே இல்லன்னு எழுதுனா, பாக்காம எழுதுனதுன்னு அர்த்தம். அதுவும் செல்லாது. தமிழ்ல எழுதணும்."

கடைசியில் சொன்னதுதான் பொறி. எனக்குத் தமிழ் எழுதவோ படிக்கவோ தெரியாது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ். வீட்டில் தமிழைக் காதில் வாங்கிக்கொண்டு, வாயில் வந்த மொழியில் பதில் சொல்லும் ஜாதி நான். விழித்துக்கொண்டு நின்றபோது அம்மா குறுக்கே வந்தாள்.

"அவ சொல்லட்டும், நான் எழுதுதேன். கையெழுத்து அவ போடட்டும்."

அம்மா திருநெல்வேலியில் இயற்பியல் படித்து, கல்யாணத்துக்கு முன் ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடமும் எடுத்தவள். தெலுங்கு தெரியாததால் இங்கே வேலை கிடைக்கவில்லை என்பது வீட்டில் சொல்லப்படும் காரணம். யாரும் தேடிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். அம்மா முழுநீளத் தாளில் நடுவே கோடு போட்டாள். நிறைகளை நான் மூச்சுவிடாமல் கொட்டினேன். ஒவ்வொரு கிரகத்துக்கும் தனி வானம், தனி சத்தம். கூட வரும் ஆட்கள் வெறும் எடுபிடிகள் இல்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு, கோபம் வந்தால் கப்பலை விட்டு இறங்கிப் போய்விடுவார்கள். நாம் கொடுத்த வாக்கு பத்து மணி நேரம் கழித்துக்கூட நம்மைத் தேடி வரும். கப்பலுக்குள் செடி வளர்க்கலாம்.

"கிரகத்துக்குக் கிரகம் ஈர்ப்பு விசை மாறுதுல்லா, அதைச் சரியாப் பண்ணியிருக்கான். அதையும் போடவா?" என்றாள் அம்மா.

இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நொடி தோன்றியது. நான்தான் எப்போதாவது சொல்லியிருப்பேன் என்று விட்டுவிட்டேன். நிறை ஏழு ஆயிற்று. அதற்கு மேல் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

குறை சொல்ல வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவிடம் பொய் ரிப்போர்ட் கொடுத்து மாட்டிக்கொள்வதைவிட உண்மையைச் சொல்லிச் சண்டை போடலாம் என்று ஒரு வீம்பு. எழுத்தெல்லாம் எறும்பு அளவில் இருக்கிறது. எந்தக் கிரகத்துக்குப் போனாலும் குகை மட்டும் ஒரே குகைதான். பையில் கொஞ்சம் கனம் கூடினால் கேப்டன் நொண்ட ஆரம்பித்துவிடுவார். கூட வரும் இயந்திர மனிதன் வாசலில் மாட்டிக்கொண்டு நம்மையும் போக விடமாட்டான். ஒரு கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் சேமிக்க முடியும். இப்படிக் குறையும் ஏழு ஆனது.

"ஏழுக்கு ஏழு. நிப்பாட்டிக்கிடுவோம்" என்று அம்மா பேனாவை மூடினாள்.

"நக்கோ, நிப்பாட்ட வேணாம், இன்னும் ஒண்ணு இருக்கு. அதுதான் பெருசு."

அது சில வாரங்களாக என்னைப் படுத்திக்கொண்டிருந்த விஷயம். நான் பள்ளிக்கூடம் போய்விட்டு வருவதற்குள் கேம் தானாக மாறிவிடுகிறது. பெட்ரோல் தீரும் நிலையில் விட்டுப் போன கப்பல் டேங்க் நிறைந்து நிற்கும். பையில் கன்னாபின்னாவென்று திணித்து வைத்த சாமான்கள் வகைவகையாகப் பிரிந்து கிடக்கும். வாடிய செடியெல்லாம் காய்த்திருக்கும். ஒருநாள் என்னைக் கொல்லத் துரத்திய சுரங்க முதலாளி, மறுநாள் சாயங்காலம் கும்பிட்டு வரவேற்றுச் சாவியைக் கையில் கொடுத்தான். மாமாவுக்குப் போன் செய்து கேட்டபோது அவர் சிரித்துவிட்டு, அதெல்லாம் பெரிய கேம்களில் அப்படித்தான் என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அம்மா பேனாவைத் திறக்கவில்லை. "எட்டாவது எழுதுனா கேம் போயிரும்ட்டி."

"போனாப் போகட்டும். உண்மைதானே? எழுது."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எழுதும்மா!"

அம்மா பேனாவைத் திறந்து, தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு எழுதினாள். நான் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எழுதியது போலத்தான் இருந்தது. தமிழ் நீளமான மொழி என்று நினைத்துக்கொண்டேன். கீழே இங்கிலீஷில் சுழித்துக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் அப்பா முகம் கழுவி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் டிக் அடித்துக்கொண்டே போனார். கடைசியில் பென்சில் நின்றுவிட்டது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுக்களை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தலையைக் குனியவில்லை.

இதுதான் சமயம் என்று நான் பிரசங்கத்தைத் தொடங்கினேன். "குறை இருந்தா என்ன? குறை இருக்கறதெல்லாம் தூக்கிப் போட்டா வீட்ல என்ன மிஞ்சும்? எனக்கு இது வேணும். அழிச்சீங்கன்னா நான் சாப்பிட மாட்டேன்."

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "எத்தனை நாளா?" என்றார்.

"ரெண்டு மாசமா" என்றேன் நான்.

"தசரா லீவு முடிஞ்சதுலருந்து" என்றாள் அம்மா.

அப்பா தாளின் கடைசி வரிகளை மறுபடியும் படித்தார். அவர் முகம் நன்றாக இல்லை. சத்தம் போடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அம்மா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் அவர் பேனாவை எடுத்து அடியில் ஏதோ எழுதிக் கையெழுத்திட்டார். பாஸான பாகத்துக்குச் சீட்டு ஒட்டுவது அவர் வழக்கமாயிற்றே, பசை எடுத்துவந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்த பீரோவின் பக்கவாட்டில் அந்தத் தாளை ஒட்டினார். நான் கூடமெல்லாம் குதித்தேன். என் பேச்சுக்கு அப்பாவே அடங்கிவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் சொல்லித் திரிந்தேன்.

கேம் அதற்குப் பிறகும் தானாக மாறிக்கொண்டுதான் இருந்தது. முன்பைவிட அதிகமாகவே மாறியது.

வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனபிறகுதான், பஸ் போர்டில் தொடங்கி, எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது கம்ப்யூட்டர் எப்போதோ போயிருந்தது. உரித்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும் என்று தாளை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். தரையில் உட்கார்ந்து, விரல் வைத்துப் படித்தேன். எட்டாவது குறையை அம்மா நான் சொன்னபடியே எழுதியிருந்தாள். எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. அதன் கீழே அவளாகச் சேர்த்தது: 'இது கேமின் குறை அல்ல. பகலில் ஆடுவது நான். கணக்கில் சேர்க்க வேண்டாம். இனியும் ஆடுவேன்.' அதன் கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே அப்பாவின் எழுத்தில், 'ஏழுக்கு ஏழு. ஏற்கப்பட்டது.'

அந்தச் சாயங்காலம் கூடத்தில் நடந்தது என் வழக்கே இல்லை. அது அம்மாவுடையது. வாழ்நாளில் தனக்கென்று ஒன்றை அவள் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதையும் என் ரிப்போர்ட்டில், என் கையெழுத்துக்கு மேலே எழுதிக் கேட்டிருக்கிறாள். அது தெரியாமல், அந்தத் தாளுக்கு அடியிலேயே உட்கார்ந்துகொண்டு மூன்று வருடம் நான் அவளிடம், "நீ இதைத் தொடாதம்மா, உனக்கெல்லாம் இது புரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.