ஸ்பேர் கந்தன்

நாமக்கல்லில் அந்தக் காலத்தில் கந்தன் வீடு எது என்று கேட்டால், எந்தக் கந்தன் என்று திருப்பிக் கேட்பார்கள். ஸ்பேர் கந்தன் என்றால் பேச்சே இல்லை, கையைப் பிடித்து பஸ் நிற்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். அந்த இங்கிலீஷ் பட்டத்தை அவனுக்குச் சூட்டியவர் பஸ் முதலாளி மருதாசலம். அவரிடம் இரண்டு பஸ்களும் இரண்டு டிரைவர்களும் இருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலில் கந்தன் லைசென்ஸோடு வந்து வேலை கேட்டபோது, அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஸ்பேராக இருந்துகொள் என்று சொல்லிவிட்டார்.

அதாவது, டிரைவர் யாராவது காய்ச்சலில் படுத்தால், அல்லது அவர் வீட்டில் எழவு விழுந்தால், அன்றைக்கு மட்டும் வண்டி கந்தன் கைக்கு வரும். மற்ற நாளெல்லாம் பின்னால் கட்டியிருக்கும் மாற்று டயரோடு அவனும் சும்மா சேலம் போய்த் திரும்ப வேண்டியதுதான். அந்த டயருக்கும் ஸ்பேர் என்றுதான் பெயர். ஆளுக்கும் டயருக்கும் ஒரே பெயர் வைத்தால் ஊர் வாயை மூடிக்கொண்டா இருக்கும்? காப்பிக் கடையில் அவனைக் கண்டதும், காற்று அடித்தாகிவிட்டதா என்று கேட்பார்கள்.

வேறு எவனாவது இருந்தால் கூனிக் குறுகிப் போயிருப்பான். கந்தனுக்கு ரோஷம் இல்லாமல் இல்லை, தன்மேல் இருந்த நம்பிக்கை அதைவிடப் பெரிதாக இருந்தது. ஓடுகிற டயரில் காற்றுக் குறைந்தால் வண்டியின் ஆட்டத்திலேயே தெரிந்துவிடும், சும்மா இருக்கிற டயரில் குறைந்தால் தேவைப்படுகிற அன்றைக்குத்தான் தெரியும், அதனால் அதைத்தான் தினமும் பார்க்க வேண்டும் என்பது அவன் கட்சி. தன்னையும் அவன் அப்படித்தான் வைத்துக்கொண்டான். வேலை உண்டோ இல்லையோ, விடிந்ததும் சவரம் செய்துகொண்டு, துவைத்த காக்கிச் சட்டையோடு ஷெட்டில் நிற்பான்.

இப்படியே எட்டு வருஷம் போயிற்று. ஒரே ஒரு இடத்தில்தான் அந்தப் பெயர் அவனைச் சுட்டது. மூத்த டிரைவர் மணியனின் மகள் செல்லியம்மாள் தினமும் மத்தியானம் அப்பனுக்குத் தூக்குப்போசியில் சோறு கொண்டுவருவாள். அவளுக்கும் கந்தனுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்திருந்தது ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கந்தனின் தாய் ஆத்தாயி பெண் கேட்டுப் போனாள். மணியன் மோர் கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார்.

"ஸ்பேருக்கெல்லாம் பொண்ணு குடுக்கறதில்லீங்க. நெரந்தரமா ஒரு வண்டி கெடைக்கட்டும், அப்பறம் வாங்க."

ஆத்தாயி வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். செல்லியம்மாள், தனக்கு வேறு மாப்பிள்ளை தேடி யாரும் செருப்புத் தேய வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டாளாம். கந்தன் ஒரு வார்த்தைதான் சொன்னான், கிடைக்கும் என்று.

கிடைக்கிற மாதிரியா இருந்தது காலம்? உலகச் சண்டை முற்றி, நாற்பத்திரண்டில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. ஒரு டிரைவர் பட்டாளத்துக்குப் போனார், அவர் ஓட்டிய வண்டி பெட்ரோல் இல்லாமல் ஷெட்டில் படுத்துவிட்டது. மணியன் ஓட்டிய வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு டிரம்மை மாட்டினார்கள். அதில் கரியைப் போட்டு மூட்டி, காற்றாடியைக் கையால் சுற்றினால் வருகிற புகைதான் இனிமேல் பெட்ரோல். கந்தன் யாரும் சொல்லாமலே சேலத்துக்குப் போய், ஒரு பட்டறையில் பத்து நாள் முகமெல்லாம் கரியாக நின்று அந்த வித்தையைக் கற்றுவந்தான். மணியனோ இருபது வருஷம் பெட்ரோல் வண்டி ஓட்டியவர், அடுப்பு ஊதக் கற்றுக்கொள்ளவா என்று சிரித்தார்.

அந்த வாரமே சிரிப்புக்கு வினை வந்தது. முதலாளியும் ஏறியிருந்த ஒரு காலையில், புதுச்சத்திரம் தாண்டி ஏற்றத்தில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. மணியன் பெட்ரோல் வண்டியை மிதிப்பதுபோலவே மிதித்தார். இருந்த கொஞ்ச உயிரும் போயிற்று. ஜனங்கள் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள், நகரவில்லை. சேலம் கோர்ட்டில் வாய்தா இருந்த ஒருவர் வாய்க்கு வந்தபடி வைதார். முதலாளி அத்தனை பேர் முன்னாலும் மணியனை, ஒன்றுக்கும் உதவாதவர் என்றார். மணியன் சீட்டைவிட்டு இறங்கினார்.

கந்தன் பின்னால் போய் டிரம்மின் அடிக்கதவைத் திறந்து, அடைத்திருந்த சாம்பலை வாரிக் கொட்டினான். கரியைக் கிளறிவிட்டு, காற்றாடியை நிதானமாகச் சுற்றினான். கால் மணி நேரத்தில் வண்டிக்கு உயிர் வந்தது. சீட்டில் உட்கார்ந்து, மாட்டைத் தட்டிக்கொடுப்பது போலத் தொட்டுத் தொட்டு மிதித்து, மேட்டின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினான். எல்லோரும் நடந்து வந்து சேர்ந்தார்கள். இன்று முதல் இந்த வண்டி கந்தனுக்குத்தான், மணியன் ஸ்பேராக இருக்கட்டும் என்று முதலாளி அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கந்தன் இன்னும் சீட்டில்தான் இருந்தான். எட்டு வருஷம் காத்திருந்த சீட். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், நிரந்தரமாக வண்டி, மணியன் வாயாலேயே சொன்னபடி பெண்ணும். ஜன்னல் வழியே பார்த்தான். மணியன் ரோட்டோரம் நின்று, சுத்தமாக இருந்த கையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். கந்தன் சீட்டைவிட்டு இறங்கினான்.

"வேண்டாமுங்க. இது அவரு வண்டிங்க. கரி சங்கதியெ நாலு நாள்ல அவருக்குச் சொல்லிக் குடுத்துப்போடறேன். ஷெட்டுல நிக்கற வண்டிக்கும் ஒரு டிரம்மு வெச்சுக் குடுங்க, அதெ நான் ஓட்டறேன். மாமனாரா வரப்போறவரெ ஸ்பேரா உக்கார வெச்சுப்போட்டு, அந்த ஊட்டுல போயி நான் எப்பிடீங்க பொண்ணு கேக்கறது?"

வாய்தாக்காரர்தான் முதலில் சிரித்தார், பிறகு கூட்டமே சிரித்தது. முதலாளியும் வேறு வழியில்லாமல், டிரம் வைத்துத் தொலைக்கிறேன், முதலில் வண்டியைக் கிளப்புங்கள் என்றார்.

மணியன் மட்டும் சிரிக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். விலகி வழிவிட்ட கந்தனின் தோளைப் பிடித்து, டிரைவர் சீட்டில் திரும்ப உட்காரவைத்துவிட்டு, பக்கத்துப் பலகையில் தான் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்களே ஓட்டுங்க, மாப்பிள்ளை. எப்பிடி மிதிக்கறீங்கன்னு நான் பாத்துக்கறேன்."