வாஷர்காரர் எடை போட்ட பெட்டி

தெருவுக்கே அவர் வாஷர்காரர். குழாய் வேலை. எந்த வீட்டில் எது ஒழுகினாலும் குனிந்து ஒரு பார்வை பார்ப்பார், குழாயில் காதை வைத்துக் கேட்பார், பிறகு அதே தீர்ப்பு: "ஒண்ணுமில்ல, வாஷர் போயிருக்கு." சுவர் இடிந்து தண்ணீர் பொங்கினாலும் முதலில் அதைத்தான் சொல்வார். அதைக் கேட்டதும் வீட்டுக்காரர்களுக்குப் பாதி உயிர் திரும்பி வரும். கூலியைக் கேட்டதும் அதுவும் போய்விடும்.

இப்படி ஊரார் பயத்தையெல்லாம் ஒரு ரப்பர் வளையத்தில் அடைத்தவர், ஆறு வாரமாகத் தன் பயத்தை எதில் அடைப்பது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்.

சாப்பாடு இறங்கவில்லை. ஆணியைச் சுடவைத்து பெல்ட்டில் மூன்று புது ஓட்டை போட்டாயிற்று. கிளினிக்கில் டாக்டர் விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்து, "எடை குறைஞ்சிருக்கா?" என்று கேட்டார். "வேலை ஜாஸ்தி சார்" என்றார் இவர். டாக்டர் மேற்கொண்டு பேசாமல் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். திட்டுகிற டாக்டரைக்கூட நம்பலாம். பேசாமல் எழுதுகிற டாக்டரைத்தான் நம்பக்கூடாது. அந்தச் சீட்டை டூல்ஸ் பெட்டியில் வாஷர் டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்.

ஸ்கேன் நாளை மறுநாள் காலை. மகள் விமானம் ஏறுவது இன்று சாயங்காலம்.

மகள் நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் முதல் வேலை. சேருவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தாலும், முன்னாலேயே போய் இறங்கிவிடுவது நல்லது என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். விஷயம் தெரிந்தால் போகமாட்டாள். தெரியாமல் இருப்பதும் கஷ்டம், பார்த்தாலே கண்டுபிடிக்கிற வேலைக்குத்தான் படித்திருக்கிறாள். அதனால் ஆறு வாரமும் தொளதொள சட்டையோடு, அவள் முன்னால் முதுகைக் காட்டியே நடமாடினார் மனிதர்.

இவ்வளவு பாடுபட்டு மறைத்ததை ஒரு பெட்டி வந்து கவிழ்க்கும் என்று யார் கண்டது?

டிக்கெட்டுக்கு இருபத்துமூன்று கிலோ. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் விமானக் கம்பெனி கேட்கிற பணத்துக்கு, உள்ளே இருக்கும் சாமானை அங்கே போய் இரண்டு தடவை வாங்கிவிடலாம். மகள் ஒரு எடை மெஷின் வாங்கி வந்திருந்தாள், தரையில் வைத்து ஏறி நிற்கிற ரகம். பெட்டியை அதன்மேல் வைத்தால் பெட்டியே நம்பரை மறைத்துக்கொள்ளும். எனவே ஆள் தனியாக ஒரு தடவை ஏறவேண்டும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை ஏறவேண்டும், பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கவேண்டும். மூன்றாம் வகுப்புக் கணக்கு.

"அப்பா, வா. நீதான் தூக்கணும்."

அவர் கண் பீரோ பக்கம் போனது. பீரோ கதவின் உள்பக்கம், அவள் படிக்கிற காலத்தில் வீட்டில் எல்லோரையும் நிறுத்தி எடை பார்த்துப் பென்சிலால் எழுதியது இன்னும் அழியாமல் இருந்தது: அப்பா 69. நேற்று யாரும் இல்லாத நேரம் பார்த்துப் புது மெஷினில் ஏறியிருந்தார். அறுபத்திரண்டு. மெஷினைத் திருப்பி வைத்து மறுபடி ஏறினார். அதே அறுபத்திரண்டு. வாஷரை மாற்றலாமென்றால் அதற்கு வாஷரும் இல்லை.

"உங்கம்மா தூக்கட்டுமே."

"நான் தூக்கினா என்னைத் தூக்க ஆள் தேடணும்" என்றாள் மனைவி, பெட்டிக்குள் குக்கரைத் திணித்துக்கொண்டே.

"அம்மா, அங்கேயே குக்கர் கிடைக்கும்மா."

"கிடைக்கும்டி. இந்தக் குக்கர் கிடைக்குமா?"

இந்தச் சண்டையின் மறைவில் வாஷர்காரர் பின் ரூமுக்கு நழுவினார். பாக்கெட்டுக்கு இரண்டாக நான்கு பித்தளை வால்வு. முதுகுப்பக்கம் பெல்ட்டில் பெரிய பைப் ரெஞ்ச். அதன்மேல் சட்டையை இழுத்துவிட்டார். நடந்தால் பாத்திரக் கடையே நடப்பதுபோல் சத்தம் வந்தது. அதனால் காலைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே வந்து ஏறினார்.

அறுபத்தேழு.

மகள் குனிந்து பார்த்தாள். "ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கேப்பா?"

"மாடி மாடியா ஏறி இறங்குறேன்ல. கொழுப்பு கரையுது."

"உடம்புல கரையுது, வாயில கரையல" என்றாள் மனைவி.

மகள் சிரித்துவிட்டு உள்ளங்கையில் 67 என்று எழுதிக்கொண்டாள். அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பெட்டியைத் தூக்கக் குனிந்தார். பேன்ட் இரண்டு விரல் இறங்கியது, முதுகில் ரெஞ்ச் நழுவியது. ஒரு கையால் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "வயிறு சரியில்ல, இதோ வந்துட்டேன்" என்று பாத்ரூமுக்கு ஓடினார். வால்வுகளையும் ரெஞ்சையும் வாளிக்குள் சத்தமில்லாமல் இறக்கி, மேலே ஈரத் துண்டைப் போட்டு மூடினார். தப்பித்தோம் என்பதைத் தவிர மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றார்.

"தொண்ணூறு! தொண்ணூறுல அறுபத்தேழு போனா இருபத்திமூணு. அம்மா, கரெக்டா இருபத்திமூணு!"

"நான் அடுக்கினா அப்படித்தான்" என்றாள் மனைவி.

விமான நிலையம் போகும் வழியில் டாக்ஸி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது டிக்கியில் பெட்டி தொம்மென்று குதித்தது. அது இருபத்துமூன்று கிலோவின் சத்தம் இல்லை. இத்தனை வருடம் இரும்பு தூக்கிய காதுக்கு அது தெரியாதா? அவர் கை தானாக முதுகுப்பக்கம் போனது. ரெஞ்ச் இல்லை, வாளியில் கிடக்கிறது. தனியாக ஏறும்போது இருந்தது. பெட்டியோடு ஏறும்போது…

ஏசி காரில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. விரலை மடக்கி எண்ணினார். எத்தனை தடவை எண்ணினாலும் ஐந்து விரலும் மடங்கியது. பெட்டி இருபத்தெட்டு. கவுன்டரில் அந்த நம்பர் வரும். அவள் பார்ப்பாள். பார்த்துவிட்டுப் பெட்டியைத் திட்டிவிட்டுப் போகிற பெண்ணா அவள்? சின்ன வயதிலிருந்தே விடை தப்பென்றால் முதல் வரியிலிருந்து சரிபார்க்கிறவள். முதல் வரியில் இவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

விமான நிலையத்தில் இறங்கியதும், "பாப்பா, சாவியைக் குடு. பூட்டு சரியா விழுந்துச்சான்னு பாக்கறேன்" என்றார். எப்படியாவது குக்கரை உருவிவிட வேண்டும்.

"காலையிலேருந்து நாலு தடவை பாத்தாச்சுப்பா. ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"ஏசி சரியில்லம்மா."

வரிசை நகர்ந்தது. முன்னால் எட்டுப் பேர் இருந்தார்கள், அப்புறம் ஐந்து, அப்புறம் இரண்டு. ஒவ்வொரு பெட்டியும் ஏறும்போது மேலே சிவப்பு நம்பர் மின்னியது. ஒவ்வொரு மின்னலுக்கும் இவர் பெட்டியின் கைப்பிடியை மாற்றிப் பிடித்தார். யாராவது மயங்கி விழுந்து வரிசை நிற்காதா என்று பார்த்தார். நாமே விழுந்துவிடலாமா என்றும் யோசித்தார். ஆனால் விழுந்தால் முதலில் நாடியைப் பிடிப்பது இவளாகத்தான் இருக்கும்.

அவர்கள் முறை வந்தது. பெட்டியை அவரே தூக்கி வைத்தார். வைத்தவர் கையை எடுக்கவில்லை. கைப்பிடியைத் தாங்கிப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் கொஞ்சமாக மேலே இழுத்தார். அடைத்துக்கொண்ட குழாயைத் திருகுகிற அதே பக்குவம். நம்பர் இருபத்துமூன்றில் வந்து ஆடியது.

"ஐயா, கையை எடுங்க" என்றாள் கவுன்டர் பெண்.

"பெட்டி சாயுதும்மா."

"சாயாது. எடுங்க."

எடுத்தார். இருபத்தெட்டு.

"அஞ்சு கிலோ எக்ஸ்ட்ரா." அவள் சொன்ன தொகைக்கு ஒரு பெரிய வீட்டுக்கே புதுக் குழாய் போடலாம். வாஷர்காரர் கண்ணை மூடித் திறப்பதற்குள், "கட்டிடறேன்ம்மா. கார்டு வாங்குவீங்கல்ல?" என்றார்.

அங்கேதான் மாட்டினார். அரை இன்ச் பைப் எல்போவுக்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிற மனிதர் அவர். மனைவி வாயைப் பிளந்தாள். மகள் நம்பரை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைப் பார்த்தாள். 67, பாதி அழிந்திருந்தது. பிறகு அவர் பெல்ட்டைப் பார்த்தாள். பக்கிளைத் தாண்டி வந்த வால் இடுப்பைப் பாதி சுற்றியிருந்தது.

"அப்பா, பெட்டியை இறக்கு. நீ ஏறு."

"என்னம்மா விளையாட்டு இது?"

"மேடம், இது பெட்டிக்கு மட்டும்தான்" என்றாள் கவுன்டர் பெண்.

"ஒரே நிமிஷம், ப்ளீஸ். ஏறுப்பா."

பின்னால் யாரோ, "பெரியவரையும் லக்கேஜ்ல போடறாங்கப்பா!" என்றார். வரிசை சிரித்தது. வாஷர்காரரும் சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. ஏறி நின்றார். தலைக்கு மேலே ஊருக்கே தெரிகிற மாதிரி 61.8 என்று வந்தது.

மகள் வாயே திறக்கவில்லை. அந்த டாக்டரும் இப்படித்தான் இருந்தார்.

"இதுக்கும் வாஷர்தானாப்பா?" என்றாள் பிறகு.

"நாளை மறுநாள் ஸ்கேன். சொன்னா நீ போகமாட்ட."

"பெல்ட்டுல எதுக்கு ஓட்டைன்னு கேட்டேனே" என்று மனைவி பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "காத்தோட்டம்னு சொன்னாரேடி இந்த மனுஷன்!"

"நீ போம்மா. ஒண்ணும் இருக்காது. நான் போய்ப் பாத்துட்டு…" என்று ஆரம்பித்தார். ஆறு வாரமாக மனப்பாடம் செய்த வாக்கியம் பாதியில் நின்றுபோனது. அதற்குப் பதில் வேறு ஒன்று வந்தது, மிகச் சின்னக் குரலில். "பயமா இருக்கு, பாப்பா. தனியா போகப் பயமா இருக்கு."

அவரைப் பிடித்து இறக்கிவிட்டு மகள் கவுன்டர் பக்கம் திரும்பினாள். "நாலு நாள் தள்ளி சீட் இருக்குமா மேடம்?"

கவுன்டர் பெண் சிரிக்காமல் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். "இருக்கு. தேதி மாத்தற சார்ஜ் இந்த அஞ்சு கிலோவைவிடக் குறைச்சல்தான்."

ஸ்கேன் நாள் காலை, சென்டரில் முதல் வேலையே எடை பார்ப்பதுதான். வாஷர்காரர் யாரும் சொல்லாமலே பாக்கெட்டில் இருந்த சாவி, சில்லறை, அளவு டேப் எல்லாவற்றையும் எடுத்து மனைவி கையில் கொட்டினார். சட்டையைத் தூக்கி, முதுகில் ஒன்றும் இல்லை என்று மகளுக்குக் காட்டினார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மெஷினில் ஏறினார். நம்பர் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

"பெரியவரே, அவங்க கையை விடுங்க" என்றாள் அங்கிருந்த நர்ஸ். "பிடிச்சுக்கிட்டிருந்தா சரியா காட்டாது."

அப்போதுதான் அவருக்கே தெரிந்தது, மகள் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்று. அவளைப் பார்த்தார். அவள் எங்கேயும் போய்விடவில்லை, பக்கத்திலேயே நின்றாள்.

விரல் விரலாக விட்டார்.