சவரியக்கா வெட்டிய கரை

இன்று காலையில் யாரோ நனைந்த சோளத்தட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் புளித்த வாசம் தெருவைத் தாண்டிப் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றிருந்தேன். கஞ்சி ஆறுகிறதென்று வீட்டில் திட்டு விழுந்தது. இந்தக் கிழவன் அதற்குள் எவ்வளவு தூரம் போய் வந்தான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

காமயகவுண்டன்பட்டிப் பக்கம் அப்போது ஆறென்றால் பாதி வருசம் வெறும் மணல்தான். மலைமேல் அணை கட்டக் கல் சுமந்த காலம். ஆற்றோரம் ஒரு வெள்ள ஓடை உண்டு. பெருக்கு வந்தால் தண்ணீரை ஊருக்குள் விடாமல் சுற்றிக் கொண்டுபோய்க் கண்மாயில் தள்ளும். பெருக்கே வராத வருசங்களில் அதை யார் நினைப்பார்கள்? அதன் வாயைக் கரை போட்டு அடைத்து, உள்ளே சோளம் விதைத்திருந்தார் சவரியக்கா. புருசனை இழந்தவர், வேறு நிலமில்லை என்று ஊரும் விட்டுவிட்டது.

அந்த ஐப்பசியில் மலை கறுத்தது. மத்தியானத்துக்குள் ஆறு செந்நிறமாகப் பெருகி எங்கள் வீட்டுப் படியைத் தொட்டது. உள்ளே என் மனைவி பிரசவ வலியில் கிடந்தாள். தூக்கிப் போகவும் வழியில்லை. தைரியசாலி என்று நான் பேர் வாங்கியிருந்த நாட்கள் அவை. ஓடை வாயின் கரையை வெட்டிவிட மண்வெட்டியோடு ஓடினேன். முற்றிய கதிர்களைப் பார்த்ததும் கை எழவில்லை. கூட வந்தவர்களும் தலைகுனிந்து நின்றார்கள்.

சவரியக்கா நனைந்துகொண்டே வந்தார்.

"பிள்ள பொறந்துருச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்ப என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறீக? இங்கன குடு மம்பட்டிய."

முதல் வெட்டு அவருடையது. பிறகுதான் நாங்கள் இறங்கினோம். தண்ணீர் நுழைய நுழைய, தூக்கம் வந்ததுபோலச் சோளம் மெல்ல மெல்லப் படுத்தது. தெருவில் வெள்ளம் வடிந்தது. பொழுது சாயும்போது மகள் பிறந்தாள். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"நல்லா இருக்கட்டும்யா" என்றார். அதற்கப்புறம்தான் அழுதார்.

மழை விட்டதும் ஊர் கூடி மேட்டில் ஒரு துண்டு நிலத்தைக் கல் பொறுக்கி உழுது கொடுத்தது. கடைசிவரை அங்கேதான் விதைத்தார்.

பிறகு மலையைக் குடைந்து பெரியாற்றுத் தண்ணீர் வந்தது. ஓடை தூர்ந்து நெல்வயலாயிற்று. அந்தக் காலத்தில் ஐப்பசி பிறந்தால் ஊரே மலையைத்தான் பார்க்கும். இப்போது, "மேல தண்ணி தெறந்துட்டாகளா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். மலையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.