மகளின் பல்லும் அவள் தாய்மாமனும்

மஸ்கட்டில் நான் தரை துடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கு ஐம்பது வயது ஆண்கள் கம்பி கட்ட வருகிறார்கள். நம் பக்கத்தில் அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சங்கதி. இவர்களோ கணுக்கால்வரை வெள்ளை அங்கியும் வாய் நிறையக் கம்பியுமாகக் கூச்சமில்லாமல் சிரித்துப் பேசுகிறார்கள். என் முன்பல் இரண்டும் உதட்டைத் தாண்டி நிற்கும். பள்ளியில் அதைக் கேலி செய்ததற்குப் பயந்தும்தான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன்.

நாகலாபுரத்தில் இருக்கும் என் மகள் செல்விக்கும் அதே பல். மற்றபடி முகம் முழுக்க அவள் அம்மா வீட்டுச் சாயல். பல் மட்டும்தான் நான் கொடுத்தது. பதின்மூன்று வயதில் கோவில்பட்டியில் கம்பி கட்டினோம். கூட்டிப் போனவன் என் மச்சினன். சின்னதில் தாய்மாமன் முறைக்கு அவன் மடியில் வைத்துத்தான் காது குத்தினோம். அன்றைக்கு நானும் பக்கத்தில் நின்றேன். பல்லுக்கு அப்படி ஒரு முறை கிடையாது. ஆனாலும் நாற்காலி அருகில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டது அவன்தான். நர்ஸ் அவனை, "அப்பா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டாளாம். அவன் இல்லையென்று சொல்லவில்லையாம். மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவனுக்குத் தெரியாத ஒன்றையாவது மகளுக்கு நான் சொல்லிவிட வேண்டும் என்று வைராக்கியம் வந்தது. கம்பி கட்டிய ஓர் ஓமானியிடம் என் பல்லைத் தொட்டுக் காட்டி, "வஜா?" என்றேன், வலிக்குமா என்று. எனக்கே ஆசை என்று நினைத்துவிட்டார். "தால், தால்", வா வா என்று தோளை அணைத்து டாக்டர் நாற்காலிவரை இழுத்துப் போய்விட்டார். துடைப்பத்தோடு தப்பி ஓடினேன்.

பிறகு மலையாள நர்ஸ் ஒருவர் சொன்னார். ஊரில் பிள்ளைக்குக் கம்பி கட்ட நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். முதல் சில நாள் பல் கூசி வலிக்கும். குழைந்த சோறுதான் ஆகும். கம்பி முனை கன்னத்தில் குத்தினால் அதற்கென்று தரும் மெழுகை உருட்டி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் வலி வந்து அடங்கும். கம்பிக்குப் பதில் கண்ணாடி போன்ற தட்டைப் பல்மேல் மாட்டுவதும் உண்டு. சாப்பிடவும் பல் தேய்க்கவும் தவிர அதைக் கழற்றக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகும் டாக்டர் சொல்கிறவரை, பல்லை நகராமல் பிடித்து வைக்கும் ரிடெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நகர்ந்துவிடும்.

"ஏட்டி, மெழுகு வச்சியா?" என்று செல்வியிடம் போனில் கேட்டேன்.

"மாமா அன்னைக்கே வாங்கித் தந்துட்டாவப்பா."

"கடலைமிட்டாயத் தொடாத."

"மாமாவும் எனக்காவத் திங்கத விட்டுட்டாவ."

என் கட்டிலில் ஊர்க் கடலைமிட்டாய்ப் பொட்டலம் பாதி தின்றபடி கிடந்தது. இந்த யோசனை எனக்கு வரவில்லையே என்று அன்று முழுக்க வெந்தேன்.

இரண்டு வருடம் கழித்துக் கம்பியைக் கழற்றினார்கள். வீடியோவில் சிரித்தாள். வரிசையான பல், அழகுதான். "எந்தம்பி சிரிக்க மாதிரியே இருக்குல்லா?" என்றாள் மனைவி. என் பங்குக்கு அந்த முகத்தில் இனி ஒன்றுமில்லை. நல்லாருக்கு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் செல்வியே கூப்பிட்டாள். "கம்பி கட்டும் முன்ன மாவுல அச்செடுத்த பழைய பல்லை டாக்டர் தந்துட்டாவப்பா. மாமா கேட்டாவ, தரமாட்டேன்னுட்டேன். ஒங்களுக்குக் குடுத்து விடட்டா?"

ஊரில் விடுப்பு முடிந்து மஸ்கட் திரும்பிய, என்னோடு வேலை பார்க்கும் எட்டயபுரத்துக்காரர் அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்து என் வாய்க்கு நேரே பிடித்துப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, ஒம்ம பல்லா?"

"ஆமா" என்றேன்.

அது என் தலையணை ஓரம் இருக்கிறது. காலையில் அவள் அங்கே பல் தேய்க்கும் நேரம், இந்தப் பல்லில் படிந்த மணலை நான் இங்கே ஈரத் துணியால் துடைக்கிறேன்.