கொன்றைத் தெருவுக்கு வைத்தியம் பார்த்த கதை

செடி வைத்தியத்தில் நோயாளி பொய் சொல்லாது, தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் சொல்வார்கள். இந்தத் தொழிலில் வயிறு எரிந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அழகர்கோவில் ரோட்டில் தென்னந்தோப்பை அழித்துப் பிளாட் போட்ட ஒரு நகர். அதன் மெயின் தெருவில் இருபது சரக்கொன்றைகள். இருபதும் என் நர்சரியில், விதையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து நானே முளைக்க வைத்தவை. மூன்றாம் வருஷம், பூ வருமா வருமா என்று நான் காத்திருந்த நேரத்தில், "இலையெல்லாம் பழுக்குதுக்கா" என்று குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் போன் பண்ணினார். போட்டது போட்டபடி கிளம்பிவிட்டேன்.

வாளித் தண்ணீர்

ஏழாம் நம்பர் வீட்டு மரத்தில் இலை ஓரமெல்லாம் தீய்ந்திருந்தது. பார்த்ததுமே தெரிந்தது, உப்பு. என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றேன். நல்ல தண்ணீர்தான் என்றார் வீட்டுக்காரர். பின்பக்கம் போய்ப் பார்த்தால், குடிதண்ணீர் மெஷினின் கழிவுக் குழாய் ஒரு வாளிக்குள் இறங்கியிருக்கிறது. போர் தண்ணீரில் இருக்கிற உப்பெல்லாம் திரண்டு வருவது அந்தக் குழாயில்தான். மெஷினே வேண்டாமென்று துப்பினதை மரத்துக்கு ஏன் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். மனுஷனுக்கு முகம் சுருங்கிப்போனது.

"வீணாப் போறதத்தானம்மா ஊத்துறேன். நல்ல தண்ணிய மரத்துக்கு ஊத்திட்டு நாங்க என்னத்தக் குடிக்கிறது?"

கறுப்புக் கயிறு

பன்னிரண்டாம் நம்பரில் கிரகப்பிரவேசத்தன்று திருஷ்டிக்காக மரத்தைச் சுற்றிக் கறுப்பு நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். மரம் பெருத்தது, கயிறு பெருக்கவில்லை. பட்டைக்குள்ளேயே இறங்கிவிட்டது. அந்த வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் அறுத்தேன், புண்ணுக்கு மருந்தும் பூசினேன். அடுத்த வாரம் போனபோது மரம் துளிர் விட்டிருந்தது. அந்த அம்மா வாசலை விட்டு இறங்கவே இல்லை.

"கயித்த அத்துவிட்டது நீங்க. மறுநாளே எம்மகன் வண்டில இருந்து விழுந்தான். நான் ஒண்ணும் சொல்லல."

நுழைவாயில் மரம்

இதெல்லாம் சில்லறை. உண்மையான சீக்கு நுழைவாயிலில் இருந்த முதல் மரத்தில். தூரில் பழுப்பு நிறத்தில் காளான் விட்டிருந்தது. தோண்டினேன். அடியில் பழைய தென்னையின் தூர் அழுகிக் கிடக்கிறது, அதன் மேலேயே கன்றை நட்டிருக்கிறார்கள். காளான் தூரிலிருந்து வேருக்கு வந்து, பக்கத்து மரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. இந்த ஒன்றை வேரோடு எடுத்து, சுற்றிப் பள்ளம் வெட்டினால் மற்ற பத்தொன்பதும் பிழைக்கும், மழைக்கு முன்னால் செய்யுங்கள் என்று செயலாளரிடம் கெஞ்சினேன். அவர் மரத்தைப் பார்க்கவில்லை, அதன் அடியில் இருந்த கருங்கல்லைத்தான் பார்த்தார். நகரைத் திறந்துவைத்த பிரமுகர் தம் கையால் நட்ட கன்று என்று அதில் வெட்டியிருந்தது.

"அவரு கை வச்ச மரத்துல நாம கை வைக்க முடியுமாக்கா?"

நட்டவரைத் தேடிப் போனது

நான் விடவில்லை. ஆரப்பாளையம் பக்கம் அந்தப் பிரமுகரின் ஆபீஸ். இரண்டு மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். மரத்தைப் பற்றிச் சொன்னதும், "நானா? எம்புட்டோ நடுறேன் தாயி, இது எந்தப் பக்கம்?" என்றார். பிறகு, "சீக்கு மரத்த வச்சுக்கிட்டு என்ன பண்ண, தாராளமா எடுங்க" என்றும் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேராக வண்டியை நகருக்கு விட்டு, செயலாளரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் நிதானமாகச் சிரித்தார்.

"பெரிய மனுசன், பெருந்தன்மைக்கு எடுக்கச் சொல்லியிருப்பாருக்கா. அதுக்காக நாம எடுத்துரலாமா?"

போன்

மழை வந்தது. நுழைவாயில் மரம் சாய்ந்தது, அதையடுத்து வரிசையாக ஆறு. நான் மருந்துக் கேனைத் தூக்கிக்கொண்டு போனபோது மிச்சத்தையும் ஜேசிபி பிடுங்கிக்கொண்டிருந்தது. ஏழு மரம் போனதும் தெரு பார்க்க நல்லா இல்லையாம். பிடுங்கிப் போட்டதில் ஒன்பது மரங்களின் வேரைக் கீறிப் பார்த்தேன், பச்சையாக இருந்தது. ஒன்றில் மொட்டுக்கூட இருந்தது. நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமே இல்லாமல்.

ஒரு மாதம் கழித்துச் செயலாளர் போன் பண்ணினார். மறுபடியும் இருபது கன்று வேண்டுமாம்.

"போன தடவ நீங்க குடுத்தது சீக்குக் கன்னு போலக்கா, போனது போகட்டும். இந்தத் தடவயாச்சும் நல்லதாப் பாத்துக் குடுங்க."

மரம் பிழைத்தால் மழைக்குப் பேர், செத்தால் எனக்குப் பேர் என்பதுதான் இத்தனை வருஷ வைத்தியத்தில் நான் சம்பாதித்தது.