இடக்கை ஆட்டக்காரரைத் தேடிப் பந்திக்குப் போனேன்

எங்கள் சனிக்கிழமை பேஸ்பால் அணியில் அனைவரும் வலக்கை ஆட்டக்காரர்கள். வலக்கையால் வீசுபவரின் பந்து எங்கள் மட்டையில் படுவதே இல்லை; இடக்கையால் வீசினால் அடித்துவிடுவோம். வலக்கைக்காரர் வீசும் பந்தை அடிப்பது இடக்கை ஆட்டக்காரருக்கு எளிதாம். அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு என்னுடையது.

இன்று ஆக்லாந்தின் பக்குரங்கா பகுதியில் ஒரு பிறந்தநாள் விருந்து. பந்தியின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு கையாகக் கவனித்தேன். எல்லாரும் வலக்கையால்தான் சாப்பிட்டார்கள்.

"என்ன அங்கிள், என் தட்டையே பாக்குறீங்க?" என்றாள் நர்ஸ் மாலதி.

தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"சாப்பிடுற கையைப் பாத்தா எப்படித் தெரியும்? நானே இடக்கைதான். அம்மாவுக்குப் பயந்து சோறு மட்டும் வலது. காலேஜ்ல சாஃப்ட்பால் ஆடியிருக்கேன், வர்றேன். எனக்காக டீம்ல யாரை வெளியே உட்கார வைப்பீங்க?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அணியிலேயே மோசமாக அடிப்பவன் நான்தான்.

இனி எதிரணியில் இடக்கையால் வீசுபவர் வந்தால்தான் எனக்கு ஆட்டம். ஆக்லாந்தில் அப்படி யாரையாவது தெரிந்தால், தயவுசெய்து எதிரணியில் சேர்த்துவிடுங்கள்.